200 கிலோமீட்டர்தானே என்று எண்ண வேண்டாம்: ரீயூனியன் தீவில் குடும்பத்தோடு ஒரு கார்ப் பயணம்

கேள்வி: கோவையில் ஒரு வங்கியில் பணிபுரிகிறேன். மே மாதப் பள்ளி விடுமுறையில் மனைவி, 67 வயது அம்மா, 11 வயது மகள், 6 வயது மகன் ஆகியோரோடு, இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவுக்குப் போக நினைக்கிறோம். 7 இரவுகள். பயண நிறுவனத்தின் வேனில் கூட்டத்தோடு போகாமல், கார் வாடகைக்கு எடுத்து நானே ஓட்ட வேண்டும் என்று ஆசை. நீலகிரி மலைப்பாதையில் பலமுறை ஓட்டியிருக்கிறேன். தீவைச் சுற்றும் கடற்கரைச் சாலை மொத்தமே 200 கிலோமீட்டர் சொச்சம்தான். அதனால் மேற்குக் கடற்கரையில் ஒரே விடுதியில் தங்கி, முதல் நாளே தீவை ஒரு சுற்று சுற்றிவிட்டு, மற்ற நாட்களில் எரிமலை, சிலாவோஸ், மஃபாத், சலாஸீ என்று போய்ப் போய்த் திரும்பலாமா? அம்மாவால் எரிமலை வரை வர முடியுமா? நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, நீங்களே காரோட்டிப் போவது நல்ல முடிவு. குழந்தைகளும் முதியவரும் இருக்கும் குடும்பத்துக்கு ரீயூனியனில் அதைவிட வசதியான வழி இல்லை. மே மாதமும் பொருத்தமானது. புயல் காலம் ஏப்ரலோடு ஓயும். மே முதல் அக்டோபர் வரை வறண்ட, குளிர்ந்த பருவம். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தை அப்படியே பின்பற்றினால், ஏழு நாளும் வண்டிக்குள்தான் இருப்பீர்கள். அதை மாற்றச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வரைபடத்தில் இந்தத் தீவு ஒரு சின்ன முட்டை வடிவம். சுற்றளவு 200 கிலோமீட்டர் என்பது சரிதான். ஆனால் நீங்கள் பார்க்க விரும்பும் இடம் எதுவும் அந்தச் சுற்றளவில் இல்லை. எல்லாம் உள்ளே, உயரத்தில் இருக்கின்றன. கடலடியிலிருந்து எழும்பிய எரிமலை மலைதான் இந்தத் தீவு. நடுவில் நிற்கும் பித்தோன் தே நேஜ் சிகரம் 3,071 மீட்டர். இது அணைந்துபோன பழைய எரிமலை. அதன் மூன்று பக்கமும் இடிந்து அரித்து உண்டான மாபெரும் கிண்ணங்கள்தான் சிலாவோஸ், மஃபாத், சலாஸீ. தென்கிழக்கில் இருக்கும் பித்தோன் த லா ஃபூர்னேஸ் இன்றும் குமுறும் எரிமலை. அதன் உயரம் 2,632 மீட்டர். உங்களுக்குச் சட்டென்று விளங்கும்படி சொன்னால், தொட்டபெட்டாவைவிட ஐந்து மீட்டர்தான் குறைவு.

ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்குக் கார்ப் பாதை கிடையாது. ஏறிய வழியே இறங்கிக் கடற்கரைக்கு வந்து, சுற்றிப் போய், மறுபடி ஏற வேண்டும். தீவின் குறுக்கே செல்லும் முக்கியச் சாலை ஒன்றே ஒன்று: தெற்கே சேன் பியேரிலிருந்து மேட்டுநிலங்களின் வழியாகக் கிழக்கே சேன் பெனுவா போகும் சாலை. மேற்கில் ஒரே விடுதியில் தங்கினால் தினமும் கடல்மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டர் ஏறி, அன்றே இறங்க வேண்டிவரும்.

அதைவிட முக்கியமான காரணம் மேகம். இந்தத் தீவில் மலைக்கு நேரம் காலை மட்டும்தான். விடியும்போது சிகரங்கள் துலக்கமாக நிற்கும். வெயில் ஏற ஏறக் கடற்காற்றின் ஈரம் சரிவில் மேலேறி, ஒன்பது, பத்து மணிக்குள் மூடிவிடும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தோடு மைடோ காட்சிமுனைக்குப் பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். காலைச் சிற்றுண்டியை நிதானமாக முடித்துவிட்டுக் கிளம்பியிருந்தோம். கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் எதிரே வெள்ளைச் சுவர். ஆயிரம் மீட்டருக்கும் கீழே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது என்று அந்தக் குழந்தைக்கு நான் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. மறுநாள் ஆறரை மணிக்கு அதே இடத்தில் நின்றபோது, மஃபாத்தின் குட்டிக் குட்டிக் குடியிருப்புகளின் தகரக் கூரைகளைக்கூட எண்ண முடிந்தது. அன்றிலிருந்து இந்தத் தீவுக்கு யார் திட்டம் கேட்டாலும் முதலில் காலை நேரங்களைத்தான் பங்கிடுகிறேன். திரும்பும் நாளை விட்டால் உங்களுக்குக் கிடைப்பது ஆறு காலைகள். ஒரு காலைக்கு ஓர் இடம். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

ஆகவே மூன்று இடங்களில் தங்குங்கள். மேற்குக் கடற்கரையில் சேன் லெ அல்லது லா சலீன் பக்கம் மூன்று இரவு. எரிமலைக்குப் போகும் வழியில் பிளேன் தே காஃப்ர் மேட்டுநிலத்தில், பூர் முரா என்ற ஊரில் இரண்டு இரவு. கடைசியாக சலாஸீ கிண்ணத்துக்குள் எல்-பூர் கிராமத்தில் இரண்டு இரவு. விமான நிலையம் வடக்கே, தலைநகர் சேன் தெனிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கு, தெற்கு, கிழக்கு என்று சுற்றி மறுபடி வடக்குக்கே வந்து சேர்வீர்கள்.

இந்தத் திசையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கே வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும். வடக்கிலிருந்து மேற்காகச் சுற்றினால் கடல் எப்போதும் உங்கள் வலக்கைப் பக்கமே வரும். பார்க்க வேண்டிய இடம் வந்தால், எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே வெட்டாமல் அப்படியே ஒதுங்கி நிறுத்தலாம். முன்னிருக்கையில் உட்காரும் அம்மாவின் சன்னலுக்கு நேரே கடல் இருக்கும்.

நீலகிரியில் ஓட்டிய பழக்கம் கொண்டை ஊசி வளைவுகளில் கைகொடுக்கும். ஆனால் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம், கியர் வலக்கையில் என்பது முதல் இரண்டு நாள் மூளையைக் களைப்பாக்கும். அதனால் தானியங்கிக் கியர் உள்ள வண்டியையே கேளுங்கள். அங்கே வாடகைக் கார்களில் பெரும்பாலானவை கையால் கியர் மாற்றுபவை. பல வாரங்களுக்கு முன்பே சொல்லிவைத்தால்தான் கிடைக்கும். ஐந்து பேர், பெட்டிகள், குழந்தை இருக்கை எல்லாம் சேரும்போது சிறிய வண்டி போதாது. பெட்டிகளை இருக்கையில் தெரியும்படி வைத்துவிட்டுக் காட்சிமுனைகளில் இறங்குவது கண்ணாடியை உடைக்க அழைப்பது போல. எல்லாமே டிக்கிக்குள் அடங்கும் வண்டியாக எடுங்கள். பிரெஞ்சுச் சட்டப்படி 10 வயதுக்குக் குறைந்த குழந்தை பின்னிருக்கையில், உயரத்துக்கேற்ற தனி இருக்கையில்தான் உட்கார வேண்டும். உங்கள் மகனுக்கு அதையும் முன்பதிவிலேயே சேர்த்துவிடுங்கள்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கி, இந்திய உரிமத்தோடு சேர்த்துக் கையில் வையுங்கள். இன்னொன்று: வண்டி கொடுக்கும் இடத்தில் முன்பணத்தைக் கடன் அட்டையில் நிறுத்திவைப்பார்கள், அந்த அட்டை ஓட்டுநரின் பெயரில் இருக்க வேண்டும். நான் திட்டமிட்டுக் கொடுத்த ஒரு குடும்பத்தில் உரிமம் கணவர் பெயரில், அட்டை மனைவி பெயரில். இரவு விமானத்தில் இறங்கி, இரண்டு குழந்தைகளோடு கவுன்ட்டர் முன் ஒரு மணி நேரம் நின்றார்கள். கடைசியில் வண்டி கிடைக்காமல் டாக்சி பிடித்துப் போனார்கள். நான் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. உங்களிடம் இப்போதே கேட்டுவிடுகிறேன்: உங்கள் பெயரில் போதிய வரம்புள்ள கடன் அட்டை இருக்கிறதா?

விசாவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரீயூனியன் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம், செலவாணி யூரோ. ஆனாலும் அது ஷெங்கன் பகுதியில் சேராது. பாரிசுக்கு வாங்கிய விசா இருக்கிறது என்று நம்பி டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். பிரெஞ்சுத் தூதரகத்தில் ரீயூனியன் என்று குறிப்பிட்டே கேட்டு, விதியைத் தெரிந்துகொண்ட பிறகு பணம் கட்டுங்கள்.

இறங்கும் நாளில் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வண்டியை எடுத்ததும் நிறுத்துமிடத்திலேயே இரண்டு மூன்று சுற்று சுற்றிப் பாருங்கள். ரவுண்டானாவில் ஏற்கெனவே உள்ளே சுற்றுபவருக்கு வழிவிட வேண்டும். அவர் உங்கள் இடப்பக்கத்திலிருந்து வருவார். பழக்கம் ஏமாற்றுவது நெரிசலில் இல்லை. காலியான சாலையில் இடப்புறம் திரும்பும்போதுதான். ஒவ்வொரு திருப்பத்திலும் "வலப்பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்லும் வேலையை மகளிடம் கொடுங்கள். நான் பார்த்தவரை, குழந்தைகள் இந்த வேலையைப் பெரியவர்களைவிடப் பொறுப்பாகச் செய்கிறார்கள்.

மேற்குக் கடற்கரை மூன்று இரவும் ஓய்வுக்கானது. ஒரு காலை மைடோவுக்கு. தங்குமிடத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஐந்தேகால் மணிக்குக் கிளம்பினால், விடியும் நேரத்தில் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் நிற்பீர்கள். வழியில் ஜெரேனியம் இலையைக் காய்ச்சி வாசனை எண்ணெய் வடிக்கும் சிறு வடிசாலைகள் உண்டு, திரும்பும்போது நிறுத்துங்கள். சேன் லெயில் கெலோனியா என்ற கடலாமை மையம் இருக்கிறது. அடிபட்ட ஆமைகளைத் தேற்றிக் கடலில் விடும் இடம். மகனுக்கு அங்கே அரை நாள் போவதே தெரியாது.

கடலைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்தத் தீவைச் சுற்றிச் சுறாக்கள் உண்டு. தொடர்ந்து பலர் உயிரிழந்ததால், பவளப்பாறை வேலிக்குள் இருக்கும் அமைதியான காயல் பகுதியிலும் காவலர் நிற்கும் இடங்களிலும் தவிர வேறெங்கும் கடலில் இறங்க 2013 முதல் தடை இருக்கிறது. எர்மிதாஜ், லா சலீன் கரைகளில் பாறை வேலிக்குள் இடுப்பளவுத் தண்ணீரிலேயே மீன்கள் காலைச் சுற்றி வரும். குழந்தைகளுக்கு ரப்பர் செருப்பு போட்டுவிடுங்கள், கடல்முள்ளிகள் இருக்கும். தெற்கிலும் கிழக்கிலும் கறுப்புப் பாறைமேல் அலை மோதும் இடங்களில் பார்ப்பதோடு சரி, கால் நனைக்கவும் வேண்டாம்.

மைடோவிலிருந்து மஃபாத்தைப் பார்த்துவிடுகிறீர்கள். உள்ளே போகச் சாலையே கிடையாது. நடந்து போக வேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டர். அங்கே வாழ்பவர்களுக்கு அரிசி மூட்டையே ஹெலிகாப்டரில்தான் இறங்குகிறது. அம்மாவோடும் ஆறு வயதுப் பையனோடும் அது ஆகாது. சிலாவோசையும் விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. அழகான ஊர், அதன் பருப்புக்குத் தீவு முழுவதும் பெயர். ஆனால் கடற்கரையிலிருந்து மேலே போய்ச் சேர 400க்கும் மேற்பட்ட வளைவுகள், ஒரே வண்டி நுழையும் சுரங்கங்கள், எதிரே வரும் பஸ்ஸுக்குப் பின்வாங்க வேண்டிய இடங்கள். உங்களால் ஓட்ட முடியும். பின்னிருக்கையில் இருப்பவர்களுக்கு வயிறு தாங்காது. இறங்கும்போது அதே 400 வளைவு மறுபடியும் வரும். மூன்று கிண்ணங்களில் ஒன்றை மேலிருந்து பாருங்கள், ஒன்றில் தங்குங்கள், ஒன்றை அடுத்த முறைக்கு வையுங்கள்.

நான்காம் நாள் பூர் முராவுக்கு ஏறுங்கள். 1,600 மீட்டர் உயரத்தில் மாடுகள் மேயும் பசும்புல் வெளி. பிற்பகலில் மூடுபனி சூழும். எரிமலை அருங்காட்சியகம் ஒன்று அங்கே இருக்கிறது. பிற்பகலை அதில் கழித்துவிட்டு, இரவு சீக்கிரம் படுத்துவிடுங்கள். பெட்ரோலை அன்று மாலையே நிரப்பிவிடுங்கள். எரிமலைச் சாலையில் பங்க் இல்லை. எந்த பங்கில் விலை குறைவு என்று தேட வேண்டியதில்லை. தீவு முழுவதும் அரசு மாதந்தோறும் நிர்ணயிக்கும் விலைதான்.

மறுநாள் ஆறு மணிக்கு முன்பே கிளம்புங்கள். எரிமலை வாசல்வரை முப்பது கிலோமீட்டருக்குள்தான். ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஒரு பள்ளத்தின் ஓரமாகப் போவீர்கள். அதன் பெயர் கொமெர்சோன். பழைய எரிமலைவாய் அது. 2007 பிப்ரவரியில் ஒரு புயலின்போது அங்கே மூன்று நாளில் 3,930 மில்லிமீட்டர் மழை பதிவானது. மூன்று நாள் மழையில் உலகச் சாதனை. கோவையில் ஐந்தாறு ஆண்டு பெய்யும் மழை அது என்று மகளிடம் சொல்லிப் பாருங்கள்.

அதைத் தாண்டியதும் சாலை ஒரு விளிம்புக்கு வந்து, திடீரென்று மரமும் புல்லும் முடிந்துவிடும். கீழே செம்பழுப்புச் சாம்பல் மணல்வெளி; நடுவில் கோடு கிழித்தாற்போல் ஒரு மண்பாதை. அங்கே கட்டாயம் இறங்கி நில்லுங்கள். எஞ்சினை அணைத்தபின் காதில் காற்றைத் தவிர எதுவும் விழாது. பாறைத் துணுக்குகளைக் கையில் எடுத்துப் பார்த்தால் தேன்கூடுபோல் ஓட்டை ஓட்டையாக இருக்கும். வாயு வெளியேறிய தடங்கள் அவை. பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடச் சொல்லுங்கள், அது தேசியப் பூங்கா. கீழே இறங்கியதும் வரும் மண்பாதை குண்டும் குழியுமானது; சாதாரணக் கார் போகும், ஆனால் மாட்டு வண்டி வேகத்தில் போங்கள். டயருக்கும் கண்ணாடிக்கும் காப்பீடு பொருந்துமா என்று வண்டி எடுக்கும்போதே கேட்டு வையுங்கள்.

பாதை முடியும் இடம் பா த பெல்கோம்ப், 2,311 மீட்டர். அம்மா கட்டாயம் வரலாம். உதகை அளவு உயரம்தான். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சில நிமிட நடையில் விளிம்புக் காட்சிமுனை வந்துவிடும். அங்கிருந்தே எரிமலையும், அதைச் சூழ்ந்த செங்குத்துச் சுவரும், உறைந்து கிடக்கும் கறுப்புக் குழம்புக் கடலும் முழுதாகத் தெரியும். குளிர் மட்டும் கடுமை. மே மாத விடியலில் கம்பளித் தொப்பியும் காலுறையும் இல்லாமல் நிற்க முடியாது. இரத்த அழுத்தம் அல்லது இதயத்துக்கு மருந்து சாப்பிடுபவர் என்றால், புறப்படுமுன் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சிகரம்வரை நடந்து திரும்ப ஐந்தாறு மணி நேரம் ஆகும்; அது இந்தப் பயணத்துக்கு வேண்டாம். நீங்களும் குழந்தைகளும் சுமார் ஐந்நூறு படிகள் இறங்கி, ஃபொர்மிகா லியோ என்ற சின்னக் கூம்புவரை போய் வரலாம். இரண்டு மணி நேரம். 1753-ல் உண்டான கூம்பு அது. பெயருக்குப் பொருள் என்ன தெரியுமா? நம் ஊர் மணலில் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்குமே, அந்தக் குழியானை. குழியானையின் குழி எப்படி இருக்குமோ, அப்படியே இருக்கும் அந்தச் செந்நிற வாய். பாறைமேல் அடித்திருக்கும் வெள்ளைப் புள்ளிகளை விட்டு விலகாதீர்கள். மேகம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அப்போது அந்தப் புள்ளிகள்தான் வழிகாட்டி. திரும்பும்போது ஐந்நூறு படிகளும் ஏற்றம் என்பதை நினைவில் வைத்துத் தண்ணீர் எடுத்துப் போங்கள்.

நீங்கள் போகும் வாரத்தில் எரிமலை வெடித்தால்? பல சமயம் ஓர் ஆண்டிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட முறை குமுறும் மலை அது, வாய்ப்பு உண்டு. பயப்பட வேண்டாம். பெரும்பாலும் குழம்பு கிழக்கே கடல்பக்கம் திறந்திருக்கும் ஆளில்லாத பள்ளத்துக்குள் வழிந்துவிடும். உடனே உள்ளே இறங்கும் படிக்கதவைப் பூட்டிவிடுவார்கள். சில சமயம் சாலையையும் மூடுவார்கள். தங்குமிடத்தில் தினமும் காலையில் கேளுங்கள். பூட்டிய கதவைத் தாண்டுபவர்களைப் பார்த்து நீங்களும் தாண்டாதீர்கள்.

ஆறாம் நாள்தான் இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாள். பூர் முராவிலிருந்து சேன் பியேருக்கு இறங்கி, தென்கரை வழியாகச் சுற்றி எல்-பூருக்கு. ஏறத்தாழ 150 கிலோமீட்டர், ஆனால் முழு நாள். ஏழரைக்குக் கிளம்பினால்தான் மாலை நாலரைக்குள் சலாஸீ சாலையில் ஏற முடியும். மே மாதத்தில் அங்கே ஆறு மணிக்குள் இருட்டிவிடும். இந்த நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறன்று தீவே சட்டிபானையோடு கடற்கரைக்குச் சோறாக்கிச் சாப்பிட வந்துவிடும். வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

சேன் ஃபிலீப்பைத் தாண்டும்வரை தாழை இனத்து மரங்களும் கரும்பாறைக் கரையும் துணைவரும். பிறகு கிராண்ட் ப்ரூலே. எரிமலைக் குழம்பு கடலுக்கு இறங்கும் சரிவு அது. சாலை அதன் குறுக்கே போகிறது. ஒவ்வொரு குழம்போட்டத்தின் ஓரத்திலும் ஆண்டு எழுதிய பலகை நட்டிருக்கிறார்கள். 2007 ஏப்ரலில் வழிந்த குழம்பு சாலையைப் புதைத்துக் கடலில் விழுந்து தீவின் கரையையே நீட்டியது. அதே நாட்களில் மலை உச்சிப் பள்ளம் முந்நூறு மீட்டருக்கும் மேல் உள்ளே இடிந்து விழுந்தது. அந்தக் குழம்பு ஆறப் பல ஆண்டுகள் பிடித்தது. மழை பெய்தால் பாறையிலிருந்து ஆவி கிளம்பும்.

ஒரு பலகையிலிருந்து இன்னொரு பலகைக்குப் போகும்போது குழந்தைகளை இறக்கி, பாறைமேல் என்ன முளைத்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். புதிய ஓட்டத்தில் சாம்பல் நிறப் பாசிக்காளான் மட்டும் பூத்தாற்போல் ஒட்டியிருக்கும். அடுத்ததில் வெடிப்புகளுக்குள் பெரணி. இன்னும் பழையதில் புதர், பிறகு மரம். வெறும் கல் காடாகும் கதை முழுவதும் சில கிலோமீட்டருக்குள், வரிசையாக, ஆண்டு போட்டு நிற்கிறது. பாடப்புத்தகத்தில் ஒரு வருடம் படித்தாலும் இவ்வளவு பதியாது. அங்கே அரை மணி நேரம் கூடுதலாகப் போனால் போகட்டும். கால் வைக்கும்போது கவனம். உறைந்த குழம்பின் முனை கண்ணாடிச் சில்லுபோல் கீறும்.

அடுத்து பித்தோன் சேன்த் ரோஸ் ஊர்த் தேவாலயம். 1977 ஏப்ரலில் எரிமலை வழக்கமான பள்ளத்துக்கு வெளியே பிளந்து, குழம்பு ஊருக்குள் வந்தது. மக்களை முன்பே வெளியேற்றியிருந்தார்கள். வீடுகளை விழுங்கிக்கொண்டு வந்த குழம்பு, தேவாலய வாசலுக்குள் சற்றே நுழைந்து, இரு பக்கமும் பிரிந்து சுற்றி நின்றுவிட்டது. சுவரை ஒட்டி அந்தக் கறுப்புப் பாறை இன்றும் கிடக்கிறது. கையை வைத்துப் பார்க்கலாம். எரிமலையைக் கருவிகளோடு இரவு பகலாகக் கண்காணிக்கும் ஆய்வு மையம் பூர் முராவில் வந்ததே அந்த வெடிப்புக்குப் பிறகுதான்.

அங்கிருந்து மேலே தங்க நேரமிருக்காது. நேரே சேன் ஆந்த்ரே வந்து சலாஸீக்குத் திரும்புங்கள். கிழக்குக் கரை தீவிலேயே மழை மிகுந்த பக்கம். சாலையோரப் பாறைச் சுவரிலிருந்து அருவிகள் வழிந்துகொண்டே இருக்கும். பலத்த மழையென்றால் கல் உருளும். அன்று ஏறாமல் கீழே சேன் ஆந்த்ரேயில் தங்கிவிடுங்கள். தீவில் பல இடங்களில் ஆற்றைத் தரைப்பாலத்தில் கடக்க வேண்டியிருக்கும். மேலே மலையில் பெய்த மழைக்குக் கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரும். தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில், முன்னால் போனவர் கடந்துவிட்டார் என்பதற்காக நீங்கள் வண்டியை இறக்கக் கூடாது.

எல்-பூர் என்ற பெயர் முன்பு தீவை ஆண்ட ஓர் ஆளுநருடையது. மர வீடுகள், கூரை விளிம்பில் பின்னல் வேலைப்பாடு, வாசலில் பூந்தொட்டிகள். அம்மா நிதானமாக நடந்து பார்க்கும்படியான சமதளத் தெருக்கள். அவருக்கு இன்னொரு மகிழ்ச்சி காத்திருக்கிறது. பள்ளத்தாக்கு முழுவதும் பந்தல் போட்டும் போடாமலும் படர்ந்து கிடக்கும் கொடி நம் சௌசௌ! அங்கே பெயர் ஷூஷூ. காயைச் சமைக்கிறார்கள், கொழுந்தைக் கீரையாகக் கடைகிறார்கள், தண்டை உரித்துத் தொப்பி பின்னுகிறார்கள்.

சாப்பாட்டுக் கவலை இங்கேயே பாதி தீர்ந்துவிடும். தங்குமிடத்தில் வீட்டுக்காரர்களே சமைத்துப் போடும் இரவு உணவைக் கேட்டு வாங்குங்கள். சோறு, பருப்பு அல்லது காராமணி வகை, கீரை, தக்காளித் துவையல் என்று இலைபோட்ட சாப்பாட்டுக்கு மிக அருகில் வரும். அங்கே குழம்புக்குப் பெயர் கறி; முருங்கைக் கீரைக்குப் பெயர் மூரூங்க். சாலையோரக் கடைகளில் மிளகாய் போட்ட பருப்பு வடை கிடைக்கும், பெயர் பொம்போன் பிமான். ஒரு கவனம்: பருப்பிலும் கீரையிலும் புகையூட்டிய பன்றி இறைச்சி சேர்க்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. முதல் நாளே "சான் வியாந்த், சான் புவாசோன்" என்று சொல்லிவிடுங்கள். இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று பொருள். "கரேம்" என்றாலும் புரிந்துகொள்வார்கள். தீமிதிக்கும் காவடிக்கும் விரதமிருக்கும் நாட்களின் சைவ உணவுக்கு அங்கே அதுதான் பெயர். மதிய உணவு பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள். தவறினால் சமையற்கட்டை மூடிவிடுவார்கள். குழந்தைகளுக்காக வண்டியில் ரொட்டி, பழம் எப்போதும் இருக்கட்டும்.

கடைசி நாளை வடகிழக்கு மூலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எல்-பூரிலிருந்து விமான நிலையம் போகும் வழியில்தான் எல்லாம். சேன்த் சுசான் பகுதி வனிலாத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்றது. வனிலாப் பூவைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் எளிய முறையை 1841-ல் அங்கே கண்டறிந்தவன் எட்மோன் அல்பியுஸ் என்ற அடிமைச் சிறுவன். வயது 12. ஒரு சிறு குச்சியால் பூவின் உள்மடலைத் தூக்கி, கட்டைவிரலால் அழுத்துவான். இன்றும் தோட்டங்களில் அதே முறைதான். உலகம் முழுவதும் வனிலா பயிராக வழிசெய்த அவன் 1880-ல் வறுமையில் இறந்தான். ஏறத்தாழ உங்கள் மகள் வயதுதான் அப்போது அவனுக்கும். அவளிடம் இதை நீங்களே சொல்லுங்கள்.

சேன் ஆந்த்ரேயில் அம்மாவுக்காக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 1848 டிசம்பரில் அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்குப் பெருந்தொகையாகத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். புதுச்சேரி, காரைக்கால், சென்னைத் துறைமுகங்களிலிருந்து கப்பலேறியவர்கள். அங்கே அவர்களை மல்பார் என்கிறார்கள். பேச்சில் தமிழ் போய்விட்டது; கோயிலில் இருக்கிறது. கொலோஸ் பகுதியில் கரும்பு வயல்களுக்கு அருகே பெரிய கோயில் உண்டு. சென்ற முறை அங்கே நான் கண்ட ஒரு மூதாட்டி, பிரெஞ்சு எழுத்தில் எழுதிய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து மாரியம்மன் தாலாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். நான் தமிழில் நலம் விசாரித்தேன். அவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் என் கையைப் பிடித்து, நோட்டில் ஒரு வரியைக் காட்டி, அதை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று சைகையால் கேட்டார். இருவரும் அந்த வரியை நாலைந்து முறை சேர்ந்து சொன்னோம். அம்மாவுக்குப் பாட்டு வரும் என்றால் அவரைப் பாட விடுங்கள்.

அன்று உடுத்த வேண்டிய புடவையையும் வேட்டியையும் தனிப் பையில் மேலாக வையுங்கள். மாலை நாலு மணிக்குமேல் சேன் தெனி பக்கம் நெரிசல் கூடிவிடும். அதனால் கோயிலிலிருந்து இரண்டு மணிக்குள் கிளம்பி, விமான நிலையத்துக்குச் சற்று முன்பே பெட்ரோலை நிரப்பி, வண்டியின் நான்கு பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டு சாவியை ஒப்படையுங்கள். இப்போது உடனடி வேலை ஒன்றுதான்: விசா விவரம் தெரிந்ததும் முதலில் பூர் முராவில் அந்த இரண்டு இரவுக்கான அறையைப் பதிவு செய்யுங்கள். மற்ற எல்லாத் தேதிகளையும் அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளலாம்.